வண்டு வளர்க்கும் வீடு: பழனியிலிருந்து பூம்பாறைக்கு

பழனி பஜாரில் அரிசி, பருப்புக் கடை வைத்திருப்பவனிடம் எல்லோரும் வழி கேட்பார்கள். மலைக்கோயில் எந்தப் பக்கம், ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்றால் தராசைக் கீழே வைக்காமலே தலையை ஆட்டிக் காட்டிவிடுவேன். "பூம்பாறை வேலப்பர் கோயிலுக்கு எப்படிப் போறதுங்க ராவுத்தரே?" என்று கேட்பவர்களிடம்தான் இத்தனை நாளும் அசடு வழிந்தேன். என் கூடப்பிறந்த தங்கை ஜெய்த்தூன் நாலு வருஷமாக அந்த ஊரில்தான் குடியிருக்கிறாள். அப்படியும் எனக்கு வழி தெரியாது என்றால், நான் ஒரு தடவைகூடப் போகவில்லை என்றுதானே அர்த்தம். கடையை விட்டு நகர முடியவில்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடை என்ன, கால் முளைத்து ஓடியா போய்விடும்?

இந்த வருஷம், 1937 மாசியில், பக்ரீத் முடிந்த ஆறாம் நாள் கிளம்பிவிட்டேன். குர்பானி கொடுத்த ஆட்டுக்கறியில் அவள் பங்கை உப்பும் மஞ்சளும் போட்டு ஐந்து நாள் வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் ஆக்கியிருந்தோம். நாலு பெருநாளாக அவள் பங்கை யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு காரணம். அவள் புருஷன் காதர் மச்சானிடமிருந்து வந்த கடிதம் இன்னொரு காரணம். காதர் முன்பு பூம்பாறைப் பூண்டைக் குதிரையில் இறக்கி எங்கள் பஜாரில் விற்றவர். பிறகு அங்கேயே படிக்கட்டு படிக்கட்டாக நிலம் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போட்டார். போன இரண்டு போகமும் வெட்டுப்புழு தின்றுவிட்டது. "இந்தத் தடவையும் போனால் நான் பினாங்குக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே என் சிற்றப்பா மகன் கடையில் ஆள் கேட்கிறார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுமுன் ஜெய்த்தூனை உங்களிடம் கொண்டுவந்து விடுகிறேன். நீங்கள் ஒரு தடவை வந்து பார்த்துச் சொன்னால் அதன்படி செய்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, ஐயோ பாவம் என்றிருந்தது. இரண்டாம் தடவை, ஜெய்த்தூன் வீட்டுக்கு வரப்போகிறாள் என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. உண்மையை எழுதத்தானே உட்கார்ந்திருக்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

இனி வழி. பழனியில் காலை ஆறு இருபதுக்கு ரயில். திண்டுக்கல் முப்பத்தாறு மைல், மூன்றாம் வகுப்புக்கு ஒன்பது அணா. எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே வண்டி மாறிக் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கும்போது பத்தேகால். ஸ்டேஷன் பெயரைப் பார்த்து, வந்துவிட்டோம் என்று குளிருக்குச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொள்ளாதீர்கள். நான் போர்த்திக்கொண்டேன். மலை அங்கிருந்து இன்னும் ஐம்பது மைல். பிளாட்பாரத்தில் நின்ற கூலிகள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு வத்தலக்குண்டு வரைக்கும் காதில் கேட்டது.

மோட்டார் பஸ் பதினோரு மணிக்கு. ஒன்றேகால் ரூபாய். முன் வரிசையில் உட்கார்ந்தால் வாந்தி வராது என்பார்கள், முன் வரிசையில் உட்கார்ந்துதான் எனக்கு வந்தது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் டிரைவர் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார்.

"மோந்துக்கிட்டே வாங்க பாய். கீழ பாக்காதீங்க. கீழ ஒண்ணும் உங்க சாமான் கெடக்கல."

ஊத்து என்ற இடத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். பெருமாள்மலையை ஒட்டி வரும்போது மேகம் பஸ்ஸுக்குள்ளேயே புகுந்து எதிரில் இருந்தவர் முகம் தெரியவில்லை. கொடைக்கானல் பஜாரில் இறங்கியபோது மணி நாலேகால். அன்று இரவு பஜாரில் தெரிந்த மளிகைக்கடைக்காரர் வீட்டில் தங்கினேன். தெரிந்தவர் இல்லாதவர்கள் பஸ் நிற்கும் இடத்திலேயே கேட்டால் அறை காட்டுவார்கள். எட்டணா கேட்பார்கள், ஆறணாவுக்கு இறங்குவார்கள்.

என் பையில் உப்புக்கண்டத்தோடு ஒரு தகர டப்பாவும் இருந்தது. மதுரையில் சொல்லி வாங்கியது. பச்சை நிறத்தில் விஷப்பொடி. தவிட்டிலும் வெல்லத்திலும் பிசைந்து செடியடியில் உருண்டை உருண்டையாக வைத்தால் தின்ற புழு சாகும் என்று விற்றவர் சொன்னார். உப்புக்கண்டம் ஒரு பை, விஷம் ஒரு பை என்று பிரித்து வைத்திருந்தேன். ராத்திரி இரண்டு தடவை எழுந்து பை மாறிவிடவில்லையே என்று தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நடை. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை பன்னிரண்டு மைல். அப்சர்வேட்டரிப் பக்கமாக ஏறி அங்கிருந்து மேற்கே போகிற பாதை. மட்டக்குதிரை வேண்டுமானால் ஒன்றே கால் ரூபாய்க்குக் கிடைக்கும். பூண்டு இறக்கிவிட்டு வெறும் பொதிக்குதிரைகளோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த மாயாண்டி என்பவர் எனக்குத் துணையாக அமைந்தார். ஒரு ரூபாய்க்கு ஒரு குதிரையில் ஏற்றிக்கொண்டார். குதிரை மேல் வந்ததைவிட அதன் பின்னால் நடந்ததுதான் அதிகம். ராவுத்தர் என்று குதிரைவீரன் பெயரை வைத்துக்கொண்டு குதிரையில் உட்காரத் தெரியவில்லையே என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

யார் வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். நின்றுவிட்டார்.

"காதர் ராவுத்தர் வீட்டுக்கா? அந்தம்மா வண்டு வளக்குதுங்களே!"

"வண்டா?"

"ஆமாங்க. ஊருல எல்லாரும் ஆடு வளக்குறாக, கோழி வளக்குறாக. அந்தம்மா கருப்பு வண்டுக்குக் கல்லு அடுக்கி வீடு கட்டிக் குடுக்குது. நல்ல மனுசிதான். என்னமோ, ரெண்டு போகம் நட்டமாச்சா, அதுல கொஞ்சம்…" என்று சொல்லிவிட்டு, நான் அண்ணன் என்பது நினைவு வந்து, குதிரையைத் திட்டுவதுபோல் பேச்சை மாற்றிக்கொண்டார்.

அந்த வண்டுக் கதை எங்கே தொடங்கியது என்று எனக்குத்தான் தெரியும். போன வருஷம் முதல் போகம் பாழானபோது ஜெய்த்தூன் எனக்கு எழுதியிருந்தாள்: "இரவில் யாரோ அரிவாளால் அறுத்ததுபோல் கிழங்குச் செடி தரையோடு அறுந்து கிடக்கிறது. மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கிற சாம்பல் நிறப் புழு. பக்கத்திலேயே பளபளவென்று ஒரு கருப்பு வண்டும் ஓடுகிறது. இது என்ன அண்ணே?"

அரிசிக்கடைக்காரனுக்கு வண்டு என்றால் என்ன என்று தெரியாதா? இருபது வருஷமாக அதோடுதானே குடித்தனம். இன்று அரிசிக்குள் புழு, நாளை அதுவே வண்டு. வண்டு விழுந்த மூட்டை விற்காது. அதனால் தபாலட்டையை எடுத்து அப்போதே எழுதினேன்: "புழு குஞ்சு, வண்டு தாய். தாயைக் கொன்றால் குஞ்சு இல்லை. ஒரு வண்டு விடாமல் பொறுக்கி வெந்நீரில் போடவும். கல்லுக்கடியில் ஒளிந்திருக்கும், கல்லை எல்லாம் புரட்டவும்." அண்ணன் சொன்னால் தட்டுவாளா? காதரும் அவளும் வரப்புக் கல்லையெல்லாம் பிரித்து, மண்ணெண்ணெய் டின்னில் வெந்நீர் வைத்துக்கொண்டு பொறுக்கினார்களாம். அதற்கடுத்த போகம் முதல் போகத்தைவிட மோசம். அவர்கள் சரியாகப் பொறுக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணிக்குப் பூம்பாறை தெரிந்தது. வளைவு ஒன்றில் திரும்பியதும் எதிர்ச்சரிவு முழுக்கப் படிப்படியாக வயல், நடுவில் ஓட்டுக் கூரைகள் கூடிக் கிடக்கின்றன. நல்ல இடம். வேலப்பரைப் பார்க்க வருகிறவர்கள் அந்த வளைவில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். நான் உட்காரவில்லை. கீழே ஒரு வயலில் நீலச் சேலையில் குனிந்திருந்த உருவம் நிமிர்ந்து கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தது. அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. ஆனால் இடது கையைக் கண்ணுக்கு மேல் வைக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

அவள் ஓடி வந்தாள். நாலு வருஷத்தில் ஆள் கருத்து, கை காய்த்துப் போயிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது இது:

"ஏண்ணே, இம்புட்டு மெலிஞ்சு போயிட்டீக? மதினி சோறு போடுறாகளா இல்லியா?"

பையைத் திறந்து உப்புக்கண்டத்தைக் கொடுத்தேன். பொட்டலத்தை மூக்கில் வைத்து மோந்துவிட்டு அப்படியே நின்றாள். அவள் பத்து வயதில் என் கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வண்டு பொறுக்குவாள். அவளைவிடக் கெட்டிக்காரி எங்கள் பஜாரிலேயே கிடையாது. பொறுக்கியதைக் கொல்ல மாட்டாள், உள்ளங்கையில் வைத்து ஊதித் தெருவில் விடுவாள். அது திரும்பவும் கடைக்குள்தான் வரும் என்று நான் கத்துவேன். அந்தக் கத்தலைக்கூட நாலு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அந்த வயல் கரையில் நின்றபோதுதான் தெரிந்தது.

சாப்பிட்டதும் காதர் என்னை வயலுக்கு அழைத்துப்போனார். அதிகம் பேசாத மனிதர். மேலே ஐந்து படி, கீழே மூன்று படி. மேலே ஐந்திலும் முளைத்த செடியில் பாதிக்கு மேல் அறுந்து சாய்ந்திருந்தது. போன வருஷம் கல்லெல்லாம் பிரித்த இடம் அது. வரப்பு வெறும் மண்ணாக வழிந்துகொண்டிருந்தது. கீழே மூன்று படியில் கல்கட்டு ஆளுயரம். பிரித்தால் மேல் வயலே சரிந்து வந்துவிடும் என்பதால் அதை மட்டும் தொடவில்லையாம். அங்கே செடி வரிசையாக நின்றது. ஒன்றிரண்டுதான் அறுந்திருந்தது.

"ஈரம் சாஸ்தி, அதான் கீழ நிக்குதுன்னு நான் சொல்றேன் மச்சான். உங்க தங்கச்சி வேற சொல்லுது. டப்பா கொண்டாந்திருக்கீகளாமே. போட்டுப் பாத்துருவமா? இல்ல, எதுக்கு அந்தச் செலவு, நான் கெளம்பட்டுமா? வார வெள்ளிக்குள்ள பினாங்குக்குப் பதில் போடணும்."

வழி வந்த களைப்பு, காலையில் சொல்கிறேன் என்று நழுவினேன்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் ஜெய்த்தூன் ஒரு மண்பானையை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். வாயில் துணி கட்டியிருந்தது. போன போகத்துப் புழு இருபதை மண்ணும் தழையும் போட்டு அதில் வளர்த்தாளாம்.

"உங்க கடுதாசிப்படி பாத்தா இதுலருந்து வண்டுதானே வரணும்?"

"ஆமா."

துணியை அவிழ்த்தாள். பானையின் அடியில் செத்து உலர்ந்து கிடந்தவை எல்லாம் பழுப்பு நிற அந்துப்பூச்சிகள். ஒரு வண்டுகூட இல்லை. நெல் மூட்டையில் புழுவிலிருந்து அந்து பறப்பதை நானும் வருஷா வருஷம் பார்க்கிறவன்தான். வெட்டுப்புழு அந்தின் குஞ்சாக இருக்கக்கூடும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். வண்டு என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு யோசனை நின்றுவிட்டது, தபாலட்டைதான் ஓடியது.

"அப்ப அந்தக் கருப்பு வண்டு?"

"வெள்ளனே எந்திரிங்க, காட்டுறேன்."

ஐந்து மணிக்கு எழுப்பினாள். மாசிக் குளிர் பூம்பாறையில் எலும்பைத் தொடுகிறது. கம்பளி இல்லாமல் யாரும் போக வேண்டாம். அரிக்கேன் விளக்கைக் கீழ்ப்படி கல்கட்டுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகப் பிடித்தாள். முதலில் மண்தான் தெரிந்தது. பிறகு ஒரு கல்லிடுக்கிலிருந்து கட்டைவிரல் நகம் அளவு கருப்பு வண்டு ஒன்று வெளியே வந்தது. நீளக் கால், முன்னால் இடுக்கிபோல் இரண்டு தாடை. பறக்கவில்லை, ஓடியது. நான் பார்த்த அரிசி வண்டெல்லாம் அதற்கு முன்னால் எள்ளு. ஒரு செடியின் அடியில் தலையை நுழைத்தது. அங்கே தன்னைவிடப் பெரிய வெட்டுப்புழு ஒன்று தண்டைப் பாதி அறுத்திருந்தது. அதன் கழுத்தைப் பிடித்து இழுத்தது. புழு சுருண்டது, புரண்டது. வண்டு விடவில்லை. பின்பக்கமாகவே நடந்து புழுவைக் கல்லிடுக்குவரை இழுத்துக்கொண்டு போனது. விடிவதற்குள் அதுபோல ஏழு எண்ணினேன். இடுக்கு வாயில் புழுவின் வெறும் தோல் காய்ந்து கிடந்தது.

பகலில் கல்லுக்கடியிலும் செடியடியிலும் படுத்துக்கொள்ளும், இருட்டில் வேட்டைக்குப் போகும், அவ்வளவுதான் அதன் சோலி என்றாள் ஜெய்த்தூன். அறுந்த செடிக்குப் பக்கத்தில் அது ஓடியதற்குக் காரணம், அறுத்தவனைத் தேடி வந்தது. நான் அதையே அறுத்தவன் என்று எழுதினேன். வெந்நீரில் போடச் சொன்னேன். எத்தனை டின் என்று கேட்டேன்.

"அதெல்லாம் எண்ணலண்ணே" என்றாள். எண்ணியிருப்பாள். எனக்காகச் சொல்லவில்லை.

காதர் நம்பவில்லையா என்று கேட்டேன்.

"காட்டுனேன். பாத்தாக. ஆனா, 'உங்க அண்ணன் இருவது வருசமா வண்டோட பொழங்குறவரு, அவரு சொன்னது தப்பா இருக்குமா'ங்குறாக. நீங்க சொன்னாத்தான் கேப்பாக. டப்பாவ மட்டும் தொறந்துறாதீங்கண்ணே. அதத் தின்னா வண்டும்தான் சாகும். மிச்சம் இருக்கிறதே இந்த மூணு படியிலதான்."

இந்த இடத்தை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். காதர் வெள்ளிக்கிழமை பினாங்குக்கு எழுதிவிடுவார். அடுத்த மாதம் ஜெய்த்தூன் என் வீட்டில் இருப்பாள். காலையில் கடைக்குக் கிளம்பும்போது அவள் குரல் உள்ளே கேட்கும். பெருநாளைக்கு அவள் பங்கு அவள் தட்டிலேயே விழும். நாலு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தானே.

அவள் விளக்கைத் தணித்தாள். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணே, உங்களுக்கு நான் அங்க வரணும். தெரியும். எனக்கு மட்டும் ஆசை இல்லியா? பழனி வெயிலு, நம்ம வீட்டு முத்தம், உங்க கடைச் சத்தம், எல்லாம் கனவுல வருது. ஆனா நான் அங்க வந்தா இவுக கப்பல்ல இருப்பாக. அம்மாவப் பாத்தீகல்ல?"

பார்த்தேன். எங்களைப் பெற்ற அத்தா பிழைப்புக்காகப் பினாங்குக்குச் சபர் போனவர். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். மூன்றாம் தடவை போனவர் வரவேயில்லை. ஆளும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து யார் வந்தாலும் அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் வந்து நிற்பார். எதையும் கேட்க மாட்டார். அவர்கள் பேசி முடித்துப் போகும்வரை நிற்பார். பதினோரு வருஷம் அப்படி நின்றார். அதை முழுக்கப் பார்த்தவன் நான். ஜெய்த்தூன் அப்போது கைக்குழந்தையாகத் தொடங்கி, அந்தக் கதவுக்குப் பின்னாலேயே வளர்ந்தவள்.

வீட்டுக்கு வந்து காதரைக் கூப்பிட்டேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"மச்சான், எங் கடை வண்டு வேற, உங்க காட்டு வண்டு வேற. நான் பாக்காம எழுதிட்டேன். ஜெய்த்தூன் சொல்றதுதான் சரி. நீங்க கொன்னதெல்லாம் உங்களுக்குக் காவல் நின்னது. போன போகம் அழிஞ்சது என்னாலதான்."

அவர் வாயில் தண்ணீரோடு என்னையே பார்த்தார். கொப்பளித்துத் துப்ப ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எழுதுனது நீங்க. கல்லப் புரட்டுனது எங் கைதானே" என்றார். பிறகு, "அப்ப அடுக்கிருவோம்" என்றார்.

இரண்டு நாள் மூன்று பேருமாக மேல்படி வரப்புகளில் கல் அடுக்கினோம். சிமிட்டி கிடையாது, மண் பூச்சு கிடையாது. இடுக்கு இருக்கவேண்டும், அதுதான் விஷயமே. வரப்போரம் ஒரு முழம் அகலத்துக்குப் புல்லைச் செதுக்காமல் விட்டோம். கீழ்ப்படியில் குழி தோண்டி வைத்த சட்டியில் விழுந்த வண்டுகளை ஜெய்த்தூன் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து மேலே விட்டாள். நான் ஒன்றைக் கையில் பிடித்தேன். காரமான ஒரு நாற்றத்தைப் பீச்சி அடித்துவிட்டு ஓடியது. அந்த வாடை இரண்டு நாள் விரலில் இருந்தது. எனக்கு அது வேண்டியதுதான். மாயாண்டி அந்தப் பக்கமாகப் போகும்போது நின்று பார்த்து, "பழனியிலருந்து ஆளு வந்து வண்டுக்கு வீடு கட்டுதா! கிரகப்பிரவேசம் எப்பங்க?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை காதர் பினாங்குக்கு எழுதினார். இந்த வருஷம் வரவில்லை என்று மட்டும்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினேன். பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் வந்துவிடும், கடையில் நான் இருந்தாக வேண்டும். ஜெய்த்தூன் அந்த வளைவுவரைக்கும் கூட வந்தாள். பூண்டு ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தாள். எப்போது வருவாய் என்று கேட்டேன்.

"கெழங்கு எடுத்ததும் வாரேண்ணே. கட்டாயமா. நீங்க வெரசாப் போங்க, பஸ்ஸு போயிரும்."

நான் வெரசாகப் போகவில்லை. அன்று பஸ்ஸும் போய்விட்டது. கொடைக்கானலில் இன்னொரு ராத்திரி, இந்தத் தடவை ஆறணா அறையில்.

விஷ டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன். மதுரைக்காரர் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். இப்போது கடையில் மேல் பலகையில் தனியாக இருக்கிறது. கடைக்காரப் பையன்கள் என்ன சரக்கு என்று கேட்டால், கேட்காதே என்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசி, பங்குனி நல்ல மாதங்கள். மழை நாளில் பூம்பாறைப் பாதை அட்டைக்கடி. எலுமிச்சம்பழம் இரண்டு, கம்பளி ஒன்று, சில்லறை நிறைய. திரும்பும் பஸ் கொடைக்கானலிலிருந்து பகல் ஒரு மணிக்கு, ஆகவே பூம்பாறையை ஆறு மணிக்குள் விட்டுவிடுங்கள். பழனியிலிருந்து பாலசமுத்திரம் பக்கமாக நேரே மலையேறும் காட்டு வழி ஒன்றும் உண்டென்கிறார்கள். யானைக்கு வழி தெரிந்த அளவு எனக்குத் தெரியாது, நான் சொல்ல மாட்டேன். ஊரில் கோயிலுக்குப் பக்கத்தில் தங்க இடம் கேட்டால் தருவார்கள். ஒன்றே ஒன்று: வயல் வரப்பில் கல்லைப் புரட்டாதீர்கள். காலடியில் கருப்பு வண்டு ஓடினால், உங்களுக்கு என்ன அருவருப்பு இருந்தாலும், ஒரு எட்டுத் தள்ளி வையுங்கள். கிழங்கோ முட்டைக்கோஸோ போடுகிற யாராவது இதைப் படித்தால், பொறுக்கி வெந்நீரில் போடுமுன் ஒரு பானையில் புழுவை அடைத்து என்ன வருகிறது என்று பாருங்கள். என்னைப்போல் அரிசிக்கடைக்காரனைக் கேட்காதீர்கள்.

ஆனியில் கிழங்கு எடுத்தார்கள். நான் வீட்டில் அவளுக்குப் பாய் எல்லாம் வெயிலில் போட்டுத் தட்டி வைத்திருந்தேன். கடிதம்தான் வந்தது. "நீங்கள் போனபிறகு மறுவிதை ஊன்றிய மேல்படி ஐந்தும் கீழ்ப்படியைப் போலவே நின்றது அண்ணே. மூட்டை வைக்க இடமில்லை. பக்கத்து வயலையும் குத்தகைக்கு எடுத்துவிட்டோம். அதில் வரப்பெல்லாம் வெறும் மண், கல் அடுக்க வேண்டும். உடனே விதை போட வேண்டும். இப்போது வர முடியவில்லை. இவர்கள் சலாம் சொல்லச் சொன்னார்கள்."

பாயைச் சுருட்டி மேலே வைத்தேன். காதர் ஊரில் இருக்கிறார், அவள் எந்தக் கதவுக்குப் பின்னாலும் நிற்கவில்லை. அல்லாஹ்வுக்குத்தான் புகழ். அடுத்த போகமும் வண்டு நிற்கட்டும் என்றுதான் துஆ கேட்கிறேன். கேட்டு முடித்து எழுந்தபிறகு கொஞ்ச நேரம் கடைக்குப் போகப் பிடிக்காது.

ஆகவே வேலப்பரைப் பார்க்கப் போகிறவர்கள் கிளம்பும் முன் பஜாரில் என் கடைக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள். சின்னப் பொட்டலம் ஒன்று தருவேன். கோயிலுக்குப் போகிறவர்கள் கையில் உப்புக்கண்டம் கொடுப்பேன் என்று பயப்பட வேண்டாம், பேரீச்சம்பழம்தான். பூம்பாறையில் வண்டு வளர்க்கிற வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் காட்டும். ஜெய்த்தூன் கையில் கொடுத்துவிட்டு, எப்போது வருகிறாள் என்று மட்டும் கேட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டு வாருங்கள்.